என் பையனுக்கு என்ன வேலைன்னு சொல்றது?

"அண்ணா, நீங்க எழுதுறவர்தானே? என் பையன் என்ன வேலை பார்க்கிறான்னு ஒரு பேப்பர்ல நாலு வரி எழுதிக் குடுங்க."

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுத் தங்கச்சி வந்து வாசலில் நின்றார். ஒரு கையில் ஜாதகக் கவர், இன்னொரு கையில் பாதி கட்டிய மல்லிச் சரம். மாதவரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு வெள்ளிக்கிழமைப் பூ அவர் கட்டிக் கொடுப்பதுதான்.

விஷயம் இதுதான். திருவொற்றியூரில் ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்தியது, கேசரி பஜ்ஜியும் ஆனது. அப்புறம் வந்தது அந்தக் கேள்வி.

"பையன் என்ன செய்றாரு?"

"டேட்டா சென்டர்ல கேபிள் மாட்றான்."

"கேபிள் டி.வி.யா?"

"இல்லீங்க, கம்ப்யூட்டருக்குப் போற ஒயரு."

"ஓ, ஒயர்மேனா... சரி, கலந்து பேசிட்டுச் சொல்றோம்."

இந்தக் 'கலந்து பேசிட்டு' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

"பி.இ. முடிச்சுட்டு வீட்ல உட்கார்ந்திருந்தாகூட இன்ஜினீயர்னு சொல்லிக்கலாம். இவன் மாசம் பொறந்தா சம்பளம் கொண்டாறான். ஆனா இவனை என்னன்னு சொல்றது?" கேட்கும்போதே தங்கச்சிக்குத் தொண்டை அடைத்தது.

எனக்கும் சரியாகத் தெரியவில்லை. "பையன் டூட்டி முடிச்சு வரட்டும், கேட்டு எழுதித் தர்றேன்" என்றேன்.

டீக்கடை மேஜை

மறுநாள் காலை ஏழு மணி. அம்பத்தூரில் நைட் ஷிஃப்ட் முடித்து, பாடி, ரெட்டேரி வழியாக பைக்கில் வந்தவனைத் தெருமுனை டீக்கடையில் பிடித்தேன். அந்தக் கடையின் மேஜை, படுக்கப் போட்ட ஒரு கேபிள் உருளை. மாதவரத்துக்காரர்களுக்கு இந்த மரச் சக்கரங்கள் புதிதல்ல. லாரி ஸ்டாண்டும் கிடங்குகளும் உள்ள ஊர். காலியான உருளை டீக்கடைக்கு மேஜையாகும், சிறுவர்களுக்குத் தேராகும்.

"மாமா, நீங்க செல்போன்ல ஒரு போட்டோவை 'கிளவுட்'ல போட்டேன்னு சொல்றீங்கள்ல? மேகத்துலயா இருக்கு அது? அம்பத்தூர் மாதிரி ஒரு இடத்துல, ஏ.சி. ரூம்ல, இரும்பு பீரோ மாதிரி வரிசையா நிக்கிற ரேக்குக்குள்ள இருக்கு. அந்தப் பீரோவுல இருக்கிற ஒரு பொட்டி இன்னொரு பொட்டிகூடப் பேசணும்ல? அதுக்குப் போற கேபிளை இழுக்கிறது, மாட்டுறது, சோதிக்கிறது, நம்பர் ஒட்டுறது. அதான் என் வேலை."

நீங்கள் ஜிபேயில் பத்து ரூபாய் அனுப்பினாலும், பேரன் அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் சிரித்தாலும், வழியில் எங்கோ இப்படி ஒருவன் மாட்டிய கேபிள் இருக்கிறது. டவரிலிருந்து உங்கள் போனுக்கு வரும் கடைசித் துண்டுதான் காற்றில். மிச்ச வழியில் பெரும்பகுதி கேபிள்தான்.

சென்னை இன்று மும்பைக்கு அடுத்த டேட்டா சென்டர் நகரம். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அடுத்தடுத்து எழும்புகின்றன. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்ட்டி மூன்றும் சேர்ந்து அம்பத்தூரில் 10 ஏக்கரில் அமைக்கும் வளாகத்தின் முதல் பகுதி 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. முதல் கட்டம் 20 மெகாவாட், முழுதும் முடிந்தால் 100 மெகாவாட். தமிழ்நாடு அரசு 2021-லேயே டேட்டா சென்டருக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டுவிட்டது.

வேகம் ஏறினால் செம்பு குட்டையாகும்

"ஒயர்ல அப்படி என்னப்பா இருக்கு? எல்லாம் செம்புதானே?" என்று கேட்டுவிட்டேன். பையன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

ரேக்குக்குள் பக்கத்துப் பெட்டிக்குப் போவதற்குச் செம்பு கேபிள். ஒரு ரேக்கிலிருந்து தூரத்து ரேக்குக்கு, மாடி விட்டு மாடி, கட்டடம் விட்டுக் கட்டடம் போவதற்குக் கண்ணாடி இழை. அதாவது ஃபைபர்.

செம்பில் ஒரு சிக்கல். மெதுவாகச் சொன்னால் தெருக்கோடி வரை போய்ச் சேரும் சேதி, படபடவென்று கொட்டினால் பக்கத்து வீட்டுக்கே புரியாதல்லவா? அதே கதைதான். நொடிக்கு 10 ஜிகாபிட் வேகத்தில், மின்சுற்று எதுவும் சேர்க்காத செம்பு கேபிள் 7 மீட்டர் வரை தாங்கும். 100 ஜிகாபிட்டில் 5 மீட்டரே அதிகம். 400-க்கு 3 மீட்டர். இப்போது வந்திருக்கும் 800-க்கு ஏறக்குறைய 2 மீட்டர்தான். நம் வீட்டு வாசற்படியிலிருந்து தெருக் குழாய் வரைகூடப் போகாது.

"அப்ப எல்லாத்தையும் கண்ணாடியிலயே போட்டுட வேண்டியதுதானே?"

"கரன்ட் பில் யாரு கட்டுறது மாமா?" என்று சிரித்தான். ஃபைபரில் போவது ஒளி. மின்சாரத்தை இந்த முனையில் லேசர் ஒளியாக்க வேண்டும், அந்த முனையில் மறுபடி மின்சாரமாக்க வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் மின்செலவு, சூடு. அந்தச் சூட்டைத் தணிக்க இன்னும் மின்செலவு.

ஏ.ஐ.க்கான சிப் செய்யும் என்விடியா நிறுவனம் 2024-ல் காட்டிய ஒரு ரேக்கில் 72 சிப்கள். அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டும் 5,000 செம்பு கேபிள்கள், மொத்த நீளம் இரண்டு மைல் என்று அதன் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையிலேயே சொன்னார். அதையே ஒளியில் செய்திருந்தால் ஒரு ரேக்குக்கு 20 கிலோவாட் கூடுதலாகச் செலவாகியிருக்கும் என்பது அவர் கணக்கு. நம் வீட்டு ஒன்றரை டன் ஏ.சி. பத்துப் பன்னிரண்டை ஒன்றாகப் போட்டால் ஆகிற செலவு அது.

கேபிளுக்கு முன்பதிவு

இதனால்தான் உலகம் முழுக்க இந்தக் கேபிள்களுக்கு இத்தனை கிராக்கி. அமெரிக்காவில் லூமென் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 2024 ஆகஸ்ட்டில் ஒரு வேலை செய்தது. ஃபைபர் தயாரிக்கும் கார்னிங் நிறுவனத்தின் உலக உற்பத்தியில் 10 சதவிகிதத்தை இரண்டு வருடத்துக்குத் தனக்கென்று முன்பதிவு செய்துகொண்டது. தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுக்கிற மாதிரி! மறு வருடம் ஆகஸ்ட்டில் ஆம்பினால் நிறுவனம், காம்ஸ்கோப்பின் கேபிள் மற்றும் இணைப்புக் கருவிப் பிரிவை 1,050 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

சென்னைக்கு இது புதுத் தொழில் என்று நினைக்க வேண்டாம். 1871-லேயே மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டாகிவிட்டது. அன்று செம்புக் கம்பிக்கு மேலே தண்ணீர் புகாமல் சுற்றியது, மலாய் நாட்டு மரத்திலிருந்து எடுத்த ஒரு பால். 2002-ல் பார்தியும் சிங்டெலும் சேர்ந்து அதே சென்னை–சிங்கப்பூர் பாதையில் 3,200 கிலோமீட்டருக்குக் கண்ணாடி இழை போட்டார்கள். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சிங்கப்பூர் போய்ச்சேர ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு போதும். 2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2,312 கிலோமீட்டர் கேபிள் போய்ச் சேர்ந்தது.

கிண்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பத்திரிகை அலுவலகங்களில் தடதடவென்று செய்தி அடிக்குமே, அந்த இயந்திரம் செய்த கம்பெனி. டெலிபிரிண்டர் போனது. ஆனால் அதே நிறுவனம் ஹெச்.டி.எல். என்ற பெயரில் இன்று ஆப்டிகல் ஃபைபர் கேபிள் செய்கிறது. தொழில் மாறினால் கையும் பழகிக்கொள்ளும்.

போலிக்கும் நல்ல காலம்

ஒரு பொருளுக்குக் கிராக்கி வந்தால் போலியும் வரும். இது என் வீட்டுக் கதை. போன வருடம் வாசலில் கேமரா மாட்டினோம். மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கடையில் கேபிள் வாங்கினேன். அட்டைப் பெட்டி மேல் 'கேட் 6' என்று பெரிதாகப் போட்டிருந்தது. மூன்று மாதத்தில் படம் விட்டு விட்டு வந்தது.

பையன் வந்து பார்த்தான். கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம்! "பித்தளைச் செயினுக்குத் தங்க முலாம் பூசின மாதிரி மாமா" என்றான்.

கேட் 6 என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அலுமினியத்தில் மின்தடை அதிகம், மடக்கினால் சீக்கிரம் ஒடியும். கேமராவுக்கான மின்சாரமும் அதே கேபிளில் போனால் சூடேறும். நீங்கள் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பெட்டி கையில் லேசாக இருக்கிறதா? கம்பியைச் சுரண்டினால் வெள்ளை தெரிகிறதா? பில்லில் 'செம்பு' என்று எழுதித் தரக் கடைக்காரர் தயங்குகிறாரா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

பூ கட்டுகிற கணக்கு

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தங்கச்சியும் டீக்கடைக்கு வந்துவிட்டார். மகன் தொடர்ந்தான்.

ஒரு ஃபைபர் இழையின் கனம் 125 மைக்ரான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. ஒளி ஓடும் நடுப்பகுதி, தூரத்துக்குப் போகும் இழையில் வெறும் 9 மைக்ரான். அந்த முனையில் கண்ணுக்கே தெரியாத ஒரு தூசு உட்கார்ந்தால் வழி அடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு முனையையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, துடைத்து, மறுபடி பார்த்து, அப்புறம்தான் மாட்ட வேண்டும். ஒரே இரவில் நூற்றுக்கணக்கான முனைகள். ஒன்றைச் சோம்பலாக விட்டால், எந்த ஒன்று என்று கண்டுபிடிக்க மறுநாள் பத்துப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

"கண்ணு பத்திரம்டா" என்றார் அம்மா.

"அந்த லேசர் கண்ணுக்கே தெரியாதும்மா. அதனால உசுரோட இருக்கிற கேபிள் முனையை நேராப் பார்க்கவே கூடாது. அதான் எங்களுக்கு முதல் பாடம்."

இழைகளுக்குப் பன்னிரண்டு நிறம், அதற்கு ஒரு வரிசை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா. பையன் சொல்லி முடிப்பதற்குள் தங்கச்சி கடைசி நாலு நிறத்தைச் சேர்ந்து சொன்னார். ஐ.டி.ஐ. முடித்து இந்த வேலைக்கு வந்த புதிதில் அடுப்படியில் நின்று மகன் மனப்பாடம் செய்ததைக் கேட்டுக் கேட்டே அவருக்கும் பாடமாகிவிட்டதாம்.

"அதோட கேபிளை இறுக்கிக் கட்டக் கூடாது. பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினா உள்ள இழை நசுங்கி ஒளி குறைஞ்சுடும். துணிப் பட்டையாலதான் கட்டணும். ரொம்ப மடிக்கவும் கூடாது. அதுக்காக லூஸா விட்டா தொங்கும், அடுத்த ஆளு காலு மாட்டும்."

தங்கச்சி கையிலிருந்த சரத்தைப் பார்த்தார். "இதுவும் அப்படித்தானே? நாரை இறுக்கினா காம்பு அறுந்துடும். லூஸா விட்டா பூ உதிர்ந்துடும். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும்."

பையன் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மூன்று வருடமாக அவன் விளக்க முடியாமல் விட்டதை அம்மா அரை நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

கிரேன்காரர் கேட்ட இரண்டாவது கேள்வி

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் புதன்கிழமை தரகர் மூலம் பெண்ணின் அப்பாவிடமிருந்து இன்னொரு கேள்வி வந்தது.

"பையன் கம்பெனி ஆளா, கான்ட்ராக்டா? பி.எஃப். பிடிக்கிறாங்களா?"

முதல் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது உண்மை. இரண்டாவது கேள்வியில் அந்த மனிதர் மேல் மரியாதை வந்துவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஒரே வேலையை நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்வதைப் பார்த்தவர். எங்கே கேட்க வேண்டுமோ அங்கே கேட்டார்.

பையன் பதில் சொல்லவில்லை. கட்டடம் ஒரு கம்பெனியுடையது. கேபிள் வேலையை எடுத்தது இன்னொரு கம்பெனி. அவர்களிடமிருந்து எடுத்தவர் ஒருவர். அவரிடம் இவன். சைட் மாறினால் கழுத்து அட்டை மாறும். மூன்று வருடத்தில் நாலு அட்டை. ஒரு நியமனக் கடிதம்கூடக் கிடையாது. சம்பளம் மட்டும் ஒழுங்காக வருகிறது, அதனால் கேட்கவில்லை.

இந்தத் தொழிலின் மறுபக்கம் இது. டேட்டா சென்டரைக் கட்டும்போது ஆட்கள் நிறையத் தேவை. ஓடத் தொடங்கியபின் உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நம் பகுதி மின்சாரமும் இடமும் தருகிறது. நம் பிள்ளைகள் ராத்திரி கண்விழித்துக் கேபிள் இழுக்கிறார்கள். முதலீடு இத்தனை ஆயிரம் கோடி என்று செய்தி வரும்போது, அதில் இவர்கள் எந்த வரியில் இருக்கிறார்கள் என்று நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அதே நேரம் இந்தக் கைத்தொழிலுக்கு எதிர்காலம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 100 போய் 400 வந்தது, 400 போய் 800 வருகிறது. ஒவ்வொரு முறையும் பல கேபிள்களைக் கழற்றிப் புதிதாக மாட்ட வேண்டும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மேல் மெட்ரோ பாதை வேறு தயாராகிறது. அது ஓடத் தொடங்கினால் நகரின் இந்த முனைப் பையன் அந்த முனை வேலைக்கும் போய்வரலாம். வேலை இருக்கும். அது எந்தப் பெயரில், எந்தக் காகிதத்தில் இருக்கும் என்பதுதான் கேள்வி.

இப்படி வேலை பார்க்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்காக மூன்று விஷயம்.

ஒன்று, நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். கேட்பது சண்டை அல்ல, உரிமை.

இரண்டு, பி.எஃப். சம்பளத்தில் பிடிக்கிறோம் என்று சொன்னால் மட்டும் போதாது. யூ.ஏ.என். எண்ணை வாங்கி, உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து, பணம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறினாலும் அந்த எண் மாறாது.

மூன்று, சான்றிதழ். தொலைத்தொடர்புத் துறைத் திறன் கவுன்சில், 'ஆப்டிகல் ஃபைபர் ஸ்பிளைசர்' என்று இந்த வேலைக்கே ஒரு தகுதி வகுத்து வைத்திருக்கிறது. கையில் இருக்கும் திறமைக்குக் காகிதமும் சேர்ந்தால், அடுத்த சைட்டில் சம்பளம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

பையன் வியாழக்கிழமை கான்ட்ராக்டரிடம் வாயைத் திறந்து கேட்டுவிட்டான். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றாராம். பார்க்கலாம்.

நாலு வரி

சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்தேன்.

'பையன் டேட்டா சென்டர்களில் அதிவேக நெட்வொர்க் கேபிள் அமைக்கும் டெக்னீஷியன். தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழைகளை இணைத்து, சோதித்துக் கொடுக்கிறார். நாம் போனில் பேசுவதும் பணம் அனுப்புவதும் நிற்காமல் நடக்க இந்த வேலை வேண்டும். ஐ.டி.ஐ. படிப்பு, மூன்று வருட அனுபவம்.'

தங்கச்சி எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது. மடித்து ஜாதகக் கவருக்குள் வைக்கப் போனவர், மறுபடி பிரித்து என்னிடமே நீட்டினார்.

"அண்ணா, இதையே கொஞ்சம் மேல தள்ளி எழுதிக் குடுங்க. கீழ ஒரு வரிக்கு இடம் வேணும். பி.எஃப். நம்பர் வந்ததும் நானே எழுதிக்கிறேன்."